வாசகர் கேள்வி பதில்: பூல் பந்துக்கு வீட்டுலயே ஒரு பாலிஷ் மெஷின்

போன இதழ்ல பூல் டேபிள் (குச்சியால பந்தை அடிச்சு குழியில தள்ளற பில்லியர்ட்ஸ் மாதிரி ஆட்டம்தான் பூல்) துணியை எப்படிப் பாத்துக்கணும்னு எழுதியிருந்தோம். அதுக்கு வந்த கடிதம், மெயில் எல்லாத்துலயும் சுத்திச்சுத்தி ஒரே விஷயம்தான்: துணி சரி, பந்தை என்ன பண்றது? அதனால இந்தத் தடவை முழுக்க பந்துதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேத்துட்டோம்.

அண்ணே, கோயம்புத்தூர்ல ரெண்டு டேபிள் போட்டு சின்னதா ஒரு பூல் பார்லர் நடத்துறேன். பந்தெல்லாம் மங்கிப்போய் தொட்டா பிசுபிசுங்குது. கையால துடைச்சு மாளல. கடையில விக்கிற பாலிஷ் மெஷினுக்கு விலை கேட்டா வாங்குற மாதிரி இல்ல. கம்மி செலவுல நாமளே செய்ய முடியுமா?

தாராளமா முடியும் தம்பி. அந்த மெஷினைப் பாத்து மலைக்கவே வேண்டாம், உள்ள நடக்கறது என்னன்னு புரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. கீழ ஒரு தட்டு அசையும், சுத்தி இருக்கற சுவர் அசையாம நிக்கும், ரெண்டுலயும் மெத்துனு துணியோ கார்பெட்டோ இருக்கும், நடுவுல பந்து. தட்டு பந்தை ஒரு பக்கம் இழுக்கும், சுவர் பிடிச்சு நிறுத்தப் பாக்கும், இந்த இழுபறியில பந்து உருண்டு உருண்டு எல்லாப் பக்கமும் கார்பெட்ல தேஞ்சு பளபளப்பாகும். இதைத் தாண்டி அதுல ஒரு ரகசியமும் இல்ல.

அமெரிக்காவுல வீட்டு கராஜ்ல டேபிள் போட்டு விளையாடறவங்க இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க, என் அபிப்பிராயத்துல அதுதான் இன்னிக்கும் சிறந்த வழி. கார் பாலிஷ் போடற 10 இன்ச் ஆர்பிட்டல் பாலிஷர் இருக்குல்ல, ரெண்டு பக்கம் கைப்பிடி வச்சு பாக்க பெரிய காளான் மாதிரி இருக்குமே, அதைத் தலைகீழா கவுத்து, அதுல சுத்தற வட்டத் தட்டு (பேடு) மேல பாக்கற மாதிரி ஒரு பெட்டிக்குள்ள இறுக்கிட்டு, அதுக்கு மேல அடி வெட்டின ஒரு பக்கெட்டை நிறுத்திடுவாங்க. அங்க 5 கேலன் பக்கெட், கிட்டத்தட்ட 19 லிட்டர். நம்ம ஊர்ல 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் அதுக்கு அண்ணன் தம்பி. பெயிண்டர் யாரையாவது கேட்டா காலி பக்கெட்டை சும்மாவே கொடுத்துடுவாங்க, மூடியோட கேட்டு வாங்கிக்கோங்க, மூடி முக்கியம்.

ஏன் ஆர்பிட்டல்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அதோட பேடு நட்டநடுவுல நின்னு சுத்தாது, மையம் கொஞ்சம் விலகி ஆடிக்கிட்டே சுத்தும். இந்த ஆட்டம்தான் நமக்கு வேணும். சாதாரணமா நேரா சுத்தற தட்டுல பந்தைப் போட்டீங்கன்னா பந்து சுவரை ஒட்டி ஒரே அச்சுல உருள ஆரம்பிச்சுடும், பூமத்தியரேகை மாதிரி ஒரு பட்டை மட்டும் மின்னும், மேலயும் கீழயும் அழுக்கு அப்படியே இருக்கும். ஆடற பேடு பந்தோட அச்சை விடாம மாத்திக்கிட்டே இருக்கும். ஆன்லைன்ல வாங்கும்போது இதை நல்லா கவனிங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கற 7 இன்ச் ரோட்டரி பாலிஷர்தான் நிறைய விக்குது, அது நேரா சுத்தறது, பேடும் சின்னது, நமக்கு ஆகாது. இந்தப் பாலிஷர்தான் மொத்தத்துலயும் காசு போட்டு வாங்க வேண்டிய ஒரே பெரிய சாமான், செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா இன்னும் நல்லது. கார் வாஷ் பண்ற கடைகள்ல விசாரிச்சுப் பாருங்க.

இப்ப வேலைக்கு வருவோம். பக்கெட்டோட அடியை ஜிக்சா இல்லாட்டி ஹாக்ஸா பிளேடு வச்சு வட்டமா முழுசா வெட்டி எடுத்துடுங்க, வெட்டின ஓரத்தை உப்புத்தாள் போட்டு தேச்சுக்கோங்க. உள்பக்கம் அடியிலேர்ந்து ஒரு 15 செ.மீ. உயரத்துக்கு கார்பெட் ஒட்டணும். சிந்தெடிக் கார்பெட்டா, முடி குட்டையா, 5 மி.மீ. தடிமனுக்குள்ள இருக்கறது போதும், கார் சீட் கவர் தைக்கற கடைகள்ல வெட்டி மீந்த துண்டு கிடைக்கும். தேங்காய் நார் விரிப்பு, சணல் இதெல்லாம் வேண்டவே வேண்டாம், கீறும். ஒட்டறதுக்கு செருப்பு, ஷூ ஒட்டற ரப்பர் பசைதான் சரி, பிளாஸ்டிக்ல வெள்ளைப் பசை நிக்காது. ரெண்டு பக்கமும் தடவி, கையில ஒட்டாத அளவுக்குக் காய விட்டு அப்புறம் அழுத்தணும். கார்பெட்டோட ரெண்டு முனை சேர்ற இடம் மேடு இல்லாம இருக்கணும், மேடு இருந்தா பந்து ஒவ்வொரு தடவையும் அங்க முட்டித் துள்ளும், அந்த சத்தமே காட்டிக்கொடுத்துடும்.

அளவு விஷயத்துல கொஞ்சம் நிதானம் வேணும். 10 இன்ச் பேடுன்னா 25.4 செ.மீ. கார்பெட் ஒட்டினதுக்கு அப்புறம் பக்கெட்டோட உள்விட்டம் அடியில 27 செ.மீ.லேர்ந்து 28 செ.மீ. வரைக்கும் இருந்தா ரொம்ப சௌகரியம், பேடு ஆடறதுக்கு சுத்திலும் ஒரு செ.மீ. இடம் கிடைக்கும், சுவர்ல உரசாது. இடைவெளி ரெண்டு செ.மீ. ஆனாலும் பயப்பட வேண்டாம், பூல் பந்தோட விட்டம் 57.15 மி.மீ., அந்த சந்துல போகாது. பக்கெட் குறுகலா இருந்து பேடு கார்பெட்டை உரசிச்சுன்னா மோட்டார் திணறிச் சூடாகும், அப்படி இருந்தா பக்கெட்டை இன்னும் கொஞ்சம் மேல வெட்டுங்க, பெயிண்ட் பக்கெட் மேல போகப்போக அகலமாகும்ல, அந்த அகலம் கிடைச்சுடும்.

பெட்டிக்கு 18 மி.மீ. பிளைவுட் போதும். பாலிஷரோட ரெண்டு கைப்பிடியையும் மரக்கட்டையில உக்கார வச்சு, நடுவுல பழைய சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி வச்சு, கிளாம்ப் போட்டு இறுக்குங்க, அந்த ரப்பர் இல்லாட்டி அதிர்வுல ஸ்க்ரூவெல்லாம் தானா கழண்டு வரும். மோட்டாரோட காத்துத் துளைகளை எதுவும் மூடக்கூடாது, பெட்டிக்கு ரெண்டு பக்கமாவது திறந்தே இருக்கட்டும். பக்கெட்டை எல் ஆங்கிள் நாலு வச்சு மேல்பலகையில திருகிடுங்க. பேடுக்கு மேல கூடவே வர்ற டவல் துணி கவரை மாட்டிடுங்க, இன்னும் ரெண்டு கவர் தனியா வாங்கி வச்சுக்கிட்டா மாத்தி மாத்தித் துவைச்சுப் போடலாம்.

செட்டுல பந்து மொத்தம் 16, வெள்ளையோட சேத்து. ஒரே தடவையில போடணும்னு ஆசைப்படாதீங்க, எட்டு எட்டா ரெண்டு தடவை போடுங்க. 27.5 செ.மீ. விட்டத்துல சுவரை ஒட்டி வரிசையா வச்சா 11 பந்து வரைக்கும் நிக்கும், ஆனா அப்படி நெருக்கி வச்சா பந்துக்குப் பந்து இடிச்சுக்கிட்டு உருளவே உருளாது. இடம் விட்டாத்தான் அதது சுதந்திரமா சுத்தும். 8 பந்துன்னா எடை ஒண்ணே கால் கிலோவைத் தாண்டி இருக்கும், அந்தப் பாலிஷருக்கு அது ஒரு பாரமே இல்ல.

முதல் தடவை ஓட்டும்போது ஒரு பரிசோதனை பண்ணிடுங்க. பழைய பந்து ஒண்ணை எடுத்து முகத்துக்குப் போடற டால்கம் பவுடரை தண்ணியில குழைச்சு சுத்திலும் புள்ளி புள்ளியா வச்சு நல்லா காய விட்டு மத்த பந்துகளோட போட்டு ஒரு நிமிஷம் ஓட்டுங்க. எல்லாப் பக்கமும் புள்ளி போயிருந்தா உங்க மெஷின் பாஸ். ஒரு பட்டையில மட்டும் போயிருந்தா பந்து ஒரே அச்சுல மாட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், ஒண்ணு ரெண்டு பந்தைக் குறைச்சுப் பாருங்க, இல்லாட்டி சுவருக்கும் பேடுக்கும் நடுவுல இடைவெளி ஒரே அளவா இருக்கான்னு பாருங்க.

அப்புறம், தயவுசெஞ்சு இதை லேசா எடுத்துக்காதீங்க: மோட்டார் அடியில இருக்கு, ஈரம் மேல இருக்கு. ஈரப் பந்தை எந்தக் காரணத்துக்காகவும் உள்ள போடக்கூடாது, சொட்டற தண்ணி நேரா மோட்டாருக்குள்ளதான் போகும். எர்த் சரியா இருக்கற பிளக்ல மாட்டுங்க, வீட்டுல எர்த் லீக்கேஜுக்கு ட்ரிப் ஆகற பிரேக்கர் இருந்தா அந்த லைன்ல மாட்டுங்க. மூடி போடாம ஸ்விட்ச் போடாதீங்க, 160 கிராமுக்குப் பக்கத்துல இருக்கற பந்து துள்ளி வெளிய வந்தா முகத்துல படும். ஓடும்போது கை உள்ள போகவே கூடாது, பசங்க பக்கத்துல இருந்தா பிளக்கையே பிடுங்கி வச்சிருங்க.

எவ்வளவு நேரம் ஓட்டணும்னு கேட்டா, அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு நிறுத்தி ஒரு பந்தைத் தொட்டுப் பாருங்க. கையில சூடு தெரிஞ்சா ஆற விட்டு மறுபடி ஓட்டுங்க. நல்லா கழுவின பந்துக்கு பெரும்பாலும் அதுவே போதுமானதா இருக்கும்.

கழுவிட்டுத்தான் போடணுமா? மெஷின்லயே அழுக்கு போயிடாதா? - திருச்சி வாசகர்

கண்டிப்பா கழுவிட்டுத்தான் போடணும். பந்தை அடிக்கற குச்சி இருக்கே, க்யூ, அதோட நுனியில தேய்க்கறோமே நீலக்கலர் சாக், அதுல சிலிக்காவும் அலுமினியம் ஆக்சைடும் இருக்கு, உப்புத்தாள்ல இருக்கற ஜாதி சமாச்சாரம் ரெண்டும். அந்தத் தூள் பந்துல ஒட்டியிருக்கும்போது மெஷின்ல போட்டா என்ன நடக்கும், அது கார்பெட்ல ஏறி உக்காந்துக்கிட்டு அடுத்து வர்ற ஒவ்வொரு பந்தையும் நுண்ணுசா கீறும், பாலிஷ் பண்றதுக்குப் பதிலா நாமளே மங்க வைக்கறோம். அதனால வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் தேய்க்கற லிக்விட் சில சொட்டு விட்டு, மெத்துனு துணியால ஒவ்வொரு பந்தா தேச்சு, நல்ல தண்ணியில அலசி, துடைச்சு, ஃபேன் காத்துல முழுசா காய விடுங்க. பச்சைக்கலர் ஸ்க்ரப்பர், கம்பி நார் இதெல்லாம் பந்து பக்கமே வரக்கூடாது. வாளித் தண்ணிக்குள்ள எல்லாப் பந்தையும் ஒண்ணா போட்டு கலக்கறதும் வேண்டாம், ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிட்டே இருக்கும். பாத்திரம் கழுவற மெஷின்ல போடலாமான்னு வேற ஒரு வாசகி கேட்டிருக்காங்க, வேண்டாம்மா, அந்த சூடும் அதுல போடற கெமிக்கல் பவுடரும் பந்துக்கு ஆகாது.

சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல இந்தத் தொல்லை இன்னும் அதிகம். வேர்வைக் கையில க்யூ சரியா நழுவ மாட்டேங்குதுன்னு பவுடர் போடுவாங்க, அந்தப் பவுடரும் வேர்வையும் சாக் தூளும் சேந்து பந்து மேல ஒரு படலமா படிஞ்சுடும், வெறும் துணியால துடைச்சா அது இடம் மாறுமே தவிர போகாது. சோப்புத் தண்ணிதான் அதுக்கு வழி. பார்லர்ல கை கழுவ ஒரு சிங்க்கும் துடைக்க ஒரு துண்டும் வச்சாலே பாதி அழுக்கு டேபிளுக்கு வராது.

சார், எங்க வீட்டு மாடியில பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் ஒண்ணு சும்மா கிடக்கு. துவைக்கற பக்கம் ஓடுது, டிரையர் பக்கம் போயிடுச்சு. இதுல பண்ண முடியுமா? - மதுரை வாசகர்

உங்க கேள்வியைப் படிச்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் சார், ஏன்னா பந்து பாலிஷ் மெஷினுக்கு வேண்டிய அமைப்பு அதுல அப்படியே இருக்கு. துவைக்கற டப்பா அசையாது, அடியில இருக்கற பல்சேட்டர் மட்டும்தான் சுத்தும். மேல சொன்னேன்ல, ஒண்ணு அசையணும் ஒண்ணு நிக்கணும்னு, அதேதான். போதாக்குறைக்கு கொஞ்ச நேரம் வலப்பக்கம், நின்னு, கொஞ்ச நேரம் இடப்பக்கம்னு தானா மாறி மாறி சுத்தும், டைமரும் கூடவே இருக்கு. ஒவ்வொரு தடவை திசை மாறும்போதும் பந்தோட அச்சு கலைஞ்சு புது அச்சுல உருள ஆரம்பிக்கும், ஆர்பிட்டல் பாலிஷர் ஆட்டத்தால செய்யற வேலையை இது திசை மாத்தி செய்யுது.

செய்ய வேண்டியது ரெண்டு. பல்சேட்டர் மேல மேடும் பள்ளமுமா இறக்கை மாதிரி இருக்கும், பந்தை அது மேல நேரா விட்டா தூக்கி அடிக்கும், அதனால 12 மி.மீ. பிளைவுட்ல ஒரு வட்டம் வெட்டி மேல கார்பெட் ஒட்டி பல்சேட்டரோட சேத்து போல்ட் போட்டுடுங்க. நடுவுல இருக்கற ஸ்க்ரூவைக் கழட்டி பல்சேட்டரை வெளிய எடுத்து வச்சு வேலை பாத்தா சுலபம், போல்ட் நீளம் அடியில டப்பாவைத் தட்டாத மாதிரி பாத்துக்கோங்க. வட்டத்தை மையத்துலேர்ந்து ஒரு செ.மீ. தள்ளி மாட்டினீங்கன்னா ஆட்டமும் கிடைச்சுடும். அடுத்தது சுவர். துவைக்கற டப்பா சதுரமா இருக்கும், மூலையில பந்து போய் உக்காந்துக்கும், அதனால அடி வெட்டின பக்கெட்டையோ அகலமான பிளாஸ்டிக் டப்போட வளையத்தையோ உள்ள இறக்கி, கார்பெட் ஒட்டி, டப்பாவோட சுவர்ல நாலு பக்கம் கட்டை கொடுத்து அசையாம நிறுத்திடுங்க. வளையத்தோட உள்விட்டம் உங்க பிளைவுட் வட்டத்தை விட சுத்திலும் ஒண்ணரை செ.மீ. பெருசா இருந்தா போதும்.

தண்ணிக் குழாயைக் கழட்டிடுங்க, இனிமே அந்த மெஷின்ல தண்ணி விடவே வேண்டாம். டிரையர் பக்க வயரை எலக்ட்ரீஷியனை வச்சு துண்டிச்சுடுங்க, பழைய மெஷின்ல பாடியில ஷாக் அடிக்குதான்னும் அவரையே செக் பண்ணச் சொல்லுங்க, மொட்டை மாடியில வெயில் மழையில கிடந்த மெஷின்னா அது ரொம்ப ரொம்ப அவசியம். இது பாலிஷரை விட நிதானமாத்தான் சுத்தும், அதனால ஒரு ரவுண்டு டைமர் முழுசா ஓட விடுங்க. பார்லர்காரங்க எல்லாருக்கும் சொல்றேன், பழைய இரும்புக் கடையில போய் ஓடற நிலையில ஒரு செமி ஆட்டோமேட்டிக் கிடைச்சா புது பாலிஷர் வாங்கறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

பழைய டேபிள் டாப் கிரைண்டர்ல கல்லை எடுத்துட்டு டிரம்முக்குள்ள கார்பெட் ஒட்டி பந்தைப் போட்டா? - ஈரோடு வாசகி

அப்படியே போட்டா ஆகாதும்மா, கிரைண்டர்ல டிரம்மே முழுசா சுத்துது, அடியும் சுவரும் சேந்து சுத்தும்போது பந்தும் கூடவே போயிடும், தேயாது. டிரம்மை எடுத்துட்டு அது உக்கார்ற சுழல் தட்டு மேல கார்பெட் ஒட்டின பலகையை மாட்டி, வெளிய கிரைண்டர் பாடியோட ஒரு பக்கெட் வளையத்தை அசையாம பொருத்தினா வேலை செய்யும். மோட்டாருக்கு இழுவை சக்தி நல்லாவே இருக்கு, மெதுவா சுத்தறதால பந்து துள்ளாது. பலகையைக் கொஞ்சம் மையம் தள்ளி மாட்டணும்கறதை மறக்காதீங்க.

கூடவே இதையும் சொல்லிடறேன், மிக்ஸி மோட்டார், ஆங்கிள் கிரைண்டர் ரெண்டையும் வச்சு யாரும் இதை முயற்சி பண்ணாதீங்க. 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்துக்குப் பக்கத்துல ஓடுது, மிக்ஸி அதையும் தாண்டும். அந்த வேகத்துல பந்து சூடாகி மேற்பரப்பு கெட்டுப்போகும், தெறிச்சா ஆளுக்கு அடிபடும்.

எந்த பாலிஷ் போடறது? டூத் பேஸ்ட், கார் வாக்ஸ், தேங்காய் எண்ணெய்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. - சேலம், திருப்பூர், பாண்டிச்சேரி வாசகர்கள்

மூணும் வேண்டாம். எண்ணெய் போட்டா அந்த நிமிஷம் மின்னும், டேபிள்ல ரெண்டு ரவுண்டு உருண்டதும் துணியில எண்ணெய் ஏறிடும், அந்தக் கறையை அப்புறம் எடுக்கவே முடியாது. கார் வாக்ஸ், சிலிகான் ஸ்ப்ரே இதுங்க பந்துல வழவழப்பான ஒரு பூச்சை விட்டுட்டுப் போகும், பந்து வழுக்கும், பூச்சு இறங்க இறங்க ஆட்டம் மாறிக்கிட்டே இருக்கும், சாக் தூளும் அதுல போய் ஒட்டும். டூத் பேஸ்ட்ல உரசற தூள் ஒவ்வொரு பிராண்டுல ஒவ்வொரு அளவு, எதை எவ்வளவு தேய்க்குதுன்னு நமக்குக் கணக்கே இருக்காது. கார் பெயிண்டுக்குப் போடற ரப்பிங் காம்பவுண்ட் இன்னும் மோசம், அது பந்தையே தின்னும்.

முதல்ல உங்க பந்து எதுல செஞ்சதுன்னு பாருங்க. நல்ல செட்டெல்லாம் ஃபீனாலிக் ரெசின்கற கெட்டியான பிளாஸ்டிக், பெல்ஜியத்துல சாலுக் கம்பெனி செய்யற ஆராமித் பந்துகள் அந்த ரகம். டேபிளோட கூட இலவசமா வர்ற சல்லிசான செட்டு பெரும்பாலும் பாலியெஸ்டர், அது மிருதுவானது, சீக்கிரம் கீறல் விழும். ஃபீனாலிக் பந்துக்கு அதுக்குன்னே விக்கிற பில்லியர்ட் பால் கிளீனர் லிக்விட் இருக்கு, ஒரு பாட்டில் வாங்கினா ரொம்ப நாள் வரும், ஏன்னா ஒரு பந்துக்கு ஒரு சொட்டு போதும். காஞ்ச பந்துல துணியால மெல்லிசா தடவி மெஷின்ல ஓட்டி, வெளிய எடுத்து சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால ஒவ்வொண்ணையும் துடைச்சு வைங்க, லிக்விட் மிச்சம் பந்துல தங்கக்கூடாது. பாலியெஸ்டர் பந்துக்கு லிக்விடே வேண்டாம், கழுவி வெறும் மெஷின்ல கொஞ்ச நேரம் ஓட்டினா அதால எவ்வளவு மின்ன முடியுமோ அவ்வளவு மின்னும்.

லிக்விட் போட்டு ஓட்டற கவரையும் வெறுமனே ஓட்டற கவரையும் தனித்தனியா வச்சுக்கோங்க. கார்பெட்டை அப்பப்ப பிரஷ் போட்டு உதறி வாக்வம் பிடிங்க, கறுத்துப்போயிட்டா உரிச்சுட்டு புதுசா ஒட்டிடுங்க, துண்டு கார்பெட்தானே.

நிஜமாவே இதனால ஆட்டத்துல வித்தியாசம் தெரியுமா, இல்ல பாக்கறதுக்கு அழகா இருக்கும் அவ்வளவுதானா? - சென்னை கல்லூரி மாணவர்

ரொம்ப நல்ல கேள்வி, பளபளப்பை விட நான் பெருசா நினைக்கறதே இதைத்தான். ஒரு பந்து இன்னொரு பந்தை சாய்வா அடிக்கும்போது ரெண்டும் தொடற அந்தக் கணத்துல உராய்வு இருக்கு, அந்த உராய்வு அடிபட்ட பந்தை நாம குறி வச்ச கோட்டுலேர்ந்து கொஞ்சம் இழுத்துவிடும், அதைத்தான் த்ரோன்னு சொல்றாங்க. அழுக்குப் பந்துல உராய்வு ஜாஸ்தி, த்ரோவும் ஜாஸ்தி. எல்லாப் பந்தும் ஒரே அளவு அழுக்கா இருந்தாக்கூட பழகிக்கலாம், ஆனா ஒரு செட்டுல அப்படி இருக்கறதில்ல. 8-ம் நம்பர் பந்து ஒரு மாதிரி, 3-ம் நம்பர் பந்து ஒரு மாதிரி, அதுவும் பந்தோட ஒரு பக்கம் ஒரு மாதிரி இன்னொரு பக்கம் ஒரு மாதிரி. அப்ப அதே ஷாட்டை அதே மாதிரி அடிச்சாலும் ஒரு தடவை விழும் ஒரு தடவை விழாது, தப்பு நம்ம கையிலயா பந்துலயான்னு தெரியாமலே பயிற்சி எடுத்துக்கிட்டு இருப்போம். புதுசா கத்துக்கற பசங்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்னு நினைச்சுப் பாருங்க.

சாக் துகள் ஒண்ணு சரியா ரெண்டு பந்தும் தொடற இடத்துல மாட்டிச்சுன்னா பந்து லேசா எகிறி, அடிபட்ட பந்து கோடு மாறிப் போயிடும். பூல் மாதிரியே இன்னொரு ஆட்டமான ஸ்னூக்கர்ல இதை கிக்னு சொல்லுவாங்க. டிவியில பாத்திருப்பீங்க, ஆட்டக்காரர் கேட்டா ரெஃப்ரீ வெள்ளை கையுறை மாட்டிக்கிட்டு பந்தை எடுத்துத் துடைச்சு அதே இடத்துல வைப்பார். அந்த அளவுக்கு உலக மட்டத்துலயே முக்கியம் கொடுக்கறாங்க. இன்னொரு பக்கம் துணி, அழுக்குப் பந்து உருள உருள சாக் தூளை துணிக்குள்ள ஏத்திக்கிட்டே போகும், துணி சீக்கிரம் தேயும். துணி மாத்தற செலவோட ஒப்பிட்டா இந்த மெஷின் செலவு ஒண்ணுமே இல்ல, பார்லர்காரங்களுக்கு நல்லாவே தெரியும்.

ஆனா வீட்டுல ஒரே டேபிள், வாரத்துல ரெண்டு நாள் விளையாடறவங்கன்னா மெஷின் அவசியம்னு சொல்ல மாட்டேன். கழுவி, மைக்ரோஃபைபர் துணியால கையில தேச்சாலே நல்லா இருக்கும். தினமும் கூட்டம் வர்ற பார்லர்ல வாரத்துக்கு ஒரு தடவையாவது மெஷின்ல போட்டு எடுக்கறது நல்லது.

ஸ்னூக்கர் பந்துக்கும் இதே மெஷின் போதுமா? - வேலூர் வாசகர்

போதும். ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ., கொஞ்சம் சின்னது, அதனால பேடுக்கும் சுவருக்கும் இடைவெளி 2 செ.மீ. தாண்டாம பாத்துக்கோங்க. மொத்தம் 22 பந்து, மூணு தடவையா பிரிச்சுப் போடுங்க. வெள்ளையையும் கலர் பந்துகளையும் முதல்ல போட்டுட்டு சிவப்பைக் கடைசியா போடுங்க, நம்பர் கிடையாதுல்ல, 15 சிவப்பும் ஒரே மாதிரி மின்னுதான்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து, மங்கினதை மட்டும் மறுபடி போடலாம்.

நாங்க நீலகிரி. எங்க தாத்தா காலத்து பில்லியர்ட்ஸ் பந்து மூணு பரண்ல கிடைச்சுது, மஞ்சளா இருக்கு, யானைத்தந்தம்னு அம்மா சொல்றாங்க. இந்த மெஷின்ல போட்டு புதுசாக்க முடியுமா? - குன்னூர் வாசகி

உங்க ஊர்ப்பக்கம் அப்படி ஒரு பந்து கிடைக்கறதுல ஆச்சரியமே இல்ல. 1875-ல ஜபல்பூர்ல பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் நடுவுல பிறந்த ஸ்னூக்கருக்கு, நெவில் சேம்பர்லின்கற அதிகாரி விதிமுறைகளை எழுதி 1882-ல ஊட்டி கிளப்போட பில்லியர்ட்ஸ் அறையிலதான் மாட்டி வச்சார். பின்னாடி பிரிட்டன் பிரதமரான சேம்பர்லின் இவர் இல்ல, பேர்தான் ஒண்ணு. அந்தக் காலத்துல நல்ல பந்துன்னா தந்தம்தான். ஒரு தந்தத்துலேர்ந்து சில பந்துதான் கிடைக்கும், எத்தனை யானை போயிருக்கும்னு நினைச்சா மனசு கனத்துப்போகுது. அமெரிக்காவுல ஜான் வெஸ்லி ஹையட் 1860-கள் கடைசியில செல்லுலாய்டை வச்சு மாத்துப் பந்து செய்ய இறங்கினதுக்கும் தந்தத்தோட தட்டுப்பாடுதான் காரணம். அப்புறம் பெல்ஜியத்துல பிறந்த லியோ பேக்லண்ட் 1907-ல பேக்கலைட்கற பிளாஸ்டிக்கைக் கண்டுபிடிச்சார், நாம இன்னிக்கு உருட்டற ஃபீனாலிக் பந்து அந்த வம்சத்துல வந்ததுதான்.

உங்க பந்துக்கு வர்றேன். மெஷின்ல போடாதீங்க, தண்ணியில கழுவவும் வேண்டாம். தந்தம் ஈரத்தை உறிஞ்சும், காஞ்சா சுருங்கும், சூடு பட்டா விரிசல் விடும். செல்லுலாய்டா இருந்தா அது சுலபமா தீப்பிடிக்கற பொருள், அதுக்கும் மெஷின் ஆகாது. மெத்துனு காஞ்ச துணியால துடைச்சு, வெயில் படாத இடத்துல வைங்க. வெளிச்சத்துல பிடிச்சு லென்ஸ் வச்சுப் பாருங்க, பந்தோட ரெண்டு முனைப் பக்கத்துல ஒண்ணை ஒண்ணு குறுக்க வெட்டற மெல்லிசான வளைகோடு வலை மாதிரி தெரிஞ்சா அது தந்தம். அப்படித் தெரிஞ்சா யாருக்கும் விக்கவோ கொடுக்கவோ கூடாது, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதுல ரொம்பக் கண்டிப்பு. உங்க ஊர் வனத்துறை அலுவலகத்துல போய் விஷயத்தைச் சொல்லி என்ன செய்யணும்னு கேட்டுக்கிட்டா பின்னாடி தொந்தரவு இருக்காது.

எவ்வளவு பாலிஷ் போட்டாலும் வெள்ளைப் பந்து மட்டும் மஞ்சளாவே இருக்கு. தூக்கிப் போட்டுடலாமா? - நாகர்கோவில் வாசகர்

மஞ்சள் அழுக்கு இல்ல, வெளிச்சத்தாலயும் வயசாலயும் பந்தோட பொருளே நிறம் மாறுறது, மேல தேச்சா போகாது. மஞ்சளா இருக்குங்கறதுக்காக மட்டும் தூக்கிப் போடாதீங்க. டேபிளை ஜன்னல் வெயில் படாத இடத்துக்கு மாத்தினா மத்த பந்தாவது தப்பிக்கும்.

தூக்கிப் போடணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண, நுணுக்கமா அளவு பாக்கற வெர்னியரை எடுங்க. பூல் பந்து 57.15 மி.மீ. இருக்கணும், 0.127 மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம்னு விதி. எடை 156 கிராம்லேர்ந்து 170 கிராமுக்குள்ள, கிச்சன் தராசு போதும். வெள்ளைப் பந்து ஒவ்வொரு ஷாட்டுலயும் அடி வாங்கறதால செட்டுலயே முதல்ல தேயறது அதுதான். நாலஞ்சு திசையில திருப்பித் திருப்பி அளந்து பாருங்க, ஒரு திசைக்கும் இன்னொரு திசைக்கும் அளவு மாறிச்சுன்னா உருண்டை போயிடுச்சு, மெதுவா உருட்டினா வளைஞ்சு ஓடும். மத்த பந்தை விட கண்ணுக்குத் தெரியற அளவு சின்னதாயிட்டாலும் சரி, ஓரம் பெயர்ந்திருந்தாலும் சரி, வெள்ளையை மட்டும் அதே அளவு, அதே எடைக்குப் பக்கத்துல தனியா வாங்கி மாத்திடுங்க. பழசை வீணாக்க வேண்டாம், மேல சொன்ன பவுடர் புள்ளி பரிசோதனைக்கு அதை வச்சுக்கலாம், புதுசா கார்பெட் ஒட்டும்போதெல்லாம் முதல்ல அதைப் போட்டு ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் நல்ல பந்தைப் போடுங்க.